4500 கிலோவுக்குள் ஒரு வீடு

"ஏண்டா, வீடு கட்டுறேங்கிறே, அதுக்குச் சக்கரம் எதுக்கு?" என்று அம்மா போனில் கேட்டார். நல்ல கேள்விதான். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் வாடகையைக் கொடுத்து அலுத்துப்போய், பல்லாரட் என்ற ஊர்ப் பக்கம் நண்பர் ஒருவரின் நிலத்தில் கொண்டுபோய் நிறுத்த, ட்ரெய்லர் மேல் ஒரு குட்டி வீட்டைக் கட்ட நானும் மனைவியும் முடிவெடுத்திருந்தோம். 14 மாதம் சனி, ஞாயிறெல்லாம் அதற்கே போனது. தச்சு வேலையில் முன் அனுபவம் என்று சொன்னால், ஒரு புத்தக அலமாரி செய்திருக்கிறேன். அதுவும் கொஞ்சம் ஆடும்.

சாதாரண வாகனத்தின் பின்னால் இழுத்துப்போக வேண்டுமானால் அகலம் 2.5 மீட்டர், உயரம் 4.3 மீட்டர், மொத்த எடை 4500 கிலோ. இவற்றைத் தாண்டக் கூடாது. அகலமும் உயரமும் டேப் வைத்தால் தெரிந்துவிடும். ஆளைப் படுத்தி எடுப்பது எடைதான். நான் வாங்கிய 7.2 மீட்டர் ட்ரெய்லர், மூன்று அச்சு, ஆறு சக்கரம், எல்லாவற்றிலும் பிரேக், வெறும் இரும்பாகவே 980 கிலோ இருந்தது. மீதி 3520 கிலோவுக்குள் சுவர், கூரை, சமையலறை, குளியலறை, கட்டில், துணிமணி எல்லாம் அடங்க வேண்டும்.

அதனால் சதுர அடி என்ற பேச்சையே விட்டுவிட்டோம். குளியலறை எடை மெஷினை, வீட்டைக் கட்டிக்கொண்டிருந்த கொட்டகைக்குக் கொண்டுவந்து, உள்ளே போகும் ஒவ்வொரு பொருளையும் நிறுத்து நோட்டில் எழுதினேன். சுவருக்கு ஜிப்சம் போர்டு மலிவு, ஆனால் ஒரு தகடு 19 கிலோ. போதாததற்கு வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறினாலே இணைப்பெல்லாம் விரிசல் விடும். 7 மில்லிமீட்டர் ப்ளைவுட் 11 கிலோதான், குலுங்கினாலும் தாங்கும். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டால் சதுர மீட்டருக்குக் கண்ணாடி மட்டும் 20 கிலோ. பல்லாரட் குளிரை நினைத்து அதில் மட்டும் கை வைக்கவில்லை.

சமையல் மேடைக்கு கிரானைட் வேண்டும் என்று மனைவிக்கு ஆசை. சதுர மீட்டருக்கு 54 கிலோ என்று நோட்டைக் காட்டினேன். "சரி, கிரானைட் வேண்டாம், கிரைண்டர் வரும்" என்றாள். டேபிள் டாப் கிரைண்டர், 11 கிலோ. ஒரு ப்ளைவுட் தகட்டின் எடை. அந்தப் பஞ்சாயத்து அத்தோடு முடிந்தது.

கூரையும் வெளிச்சுவரும் முடிந்ததும் ஒரு கல்குவாரியின் எடைமேடைக்கு இழுத்துப்போனோம். நோட்டுக் கணக்கு 3140. மேடை காட்டியது 3310. அந்த 170 கிலோ எங்கிருந்து முளைத்தது என்று வழியெல்லாம் மண்டையைக் குடைந்தேன். திருகாணியும் பசையும்! பெட்டி பெட்டியாக ஓட்டிய திருகாணியில் ஒன்றைக்கூட நிறுக்கவில்லை. அன்றே இன்னொரு வினையும் தெரிந்தது. இழுக்கும் வண்டியின் கொக்கி மேல் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு உட்கார வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் வால் ஆட்டும். எங்களுடையது குறைவாக இருந்தது. பின்கோடியில் வரைந்து வைத்திருந்த சமையலறையை முன்பக்கத்துக்கு மாற்றினோம்.

மின்சாரம், கேஸ், பிளம்பிங் மூன்றையும் லைசென்ஸ் உள்ளவர்களிடம் விட்டுவிட்டோம். இங்கே சட்டமும் அதுதான்.

பெயின்ட்டுக்கு வருகிறேன். இதுதான் சுலபமான வேலை என்று நினைத்திருந்தேன். லாஃப்ட், அதாவது படுக்கும் பரண், அதன் கூரைக்கு பைன் பலகை. அறை பெரிதாகத் தெரியட்டும் என்று வெள்ளை. படுத்தால் மூக்குக்கு மேல் ஒரு மீட்டர்கூட இல்லாத இடத்தில் மல்லாந்து கிடந்து, தண்ணீரில் கரையும் பிரைமர் ஒரு கை, பெயின்ட் இரண்டு கை அடித்தேன். பால் போல இருந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் கண் விழித்தால், கூரைக்கு அம்மை போட்டிருந்தது. பைன் பலகையில் கணு இருந்த இடமெல்லாம் மஞ்சளும் பழுப்புமாக வட்டங்கள். இன்னும் இரண்டு கை பூசினேன். பத்து நாளில் அதே இடத்தில் அதே வட்டம். எண்ணிப் பார்த்தேன், 63.

பக்கத்துப் பண்ணையில் இருக்கும் ஓய்வுபெற்ற தச்சர் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கணுவில் இருக்கும் பிசின் பெயின்ட்டுக்குள் ஊறி மேலே வருகிறதாம். தண்ணீர் பிரைமர் எத்தனை கை அடித்தாலும் நிற்காது, ஷெல்லாக் கலந்த பிரைமர்தான் அதை உள்ளேயே அடைக்கும் என்றார். கடைக்குப் போய் டப்பாவைத் திருப்பிப் படித்தபோதுதான் உறைத்தது. ஷெல்லாக் என்பது நம் அரக்கு! ஜார்க்கண்ட் பக்கம் மரக்கிளைகளில் பூச்சி சுரந்து வைப்பதைச் சுரண்டி, ஸ்பிரிட்டில் கரைத்தால் இது. பட்டென்று காய்கிறது, நாற்றம் தாங்கவில்லை, தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். கேஸை மூடி, முகமூடி போட்டு, ஜன்னலையெல்லாம் திறந்து வைத்து 63 கணுவுக்கும் பொட்டு வைத்தேன். அரக்கு மாளிகையில் பாண்டவர்களுக்குத் தப்பிக்கச் சுரங்கம் இருந்தது, எனக்கு லாஃப்ட் ஜன்னல். அதற்கு மேல் ஒரு கை வெள்ளை. வருடம் ஒன்றாகிறது, ஒரு வட்டம்கூடத் திரும்பவில்லை.

வெளிப்பக்கம் சீடர் (cedar) மரப் பலகை, எடை குறைவு என்பதற்காக. கரும்சாம்பல் நிறம் அடிக்க ஆசைப்பட்டேன். கோடை வெயிலில் அடர்நிறம் சூட்டைக் குடித்துப் பலகை நெளியும் என்று அதே தச்சர் தடுத்தார். வெளிர்பச்சை அடித்தோம். அவர் சொல்லியும் நான் சோம்பலில் விட்டது ஒன்று உண்டு. பலகையைப் பொருத்துவதற்கு முன்பே, ஒன்றுக்குள் ஒன்று செருகும் நாக்குப் பகுதிக்கும் பெயின்ட் அடித்திருக்க வேண்டும். முதல் கோடையில் பலகை சுருங்கியதும், ஒவ்வொரு இணைப்பிலும் கோடு போட்டதுபோல் பெயின்ட் படாத வெறும் மரம் தெரிந்தது. இன்றும் தெரிகிறது. மனைவி அதை டிசைன் என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சமாளிக்கிறாள்.

பத்து லிட்டர் வாளி மூன்று வாங்கினோம், சுமார் 40 கிலோ. தண்ணீரெல்லாம் ஆவியானதும் சுவரில் தங்கியது அதில் பாதிதான். கடைசி எடை 4390.

கொட்டகையிலிருந்து நிலத்துக்கு இழுத்துப்போன அன்று, இது கிரகப்பிரவேசமா வண்டிப் பூஜையா என்று அம்மாவுக்கே குழப்பம். இரண்டையும் செய்யச் சொன்னார். ஆறு சக்கரத்துக்கும் ஆறு எலுமிச்சை. போய் நிறுத்தியதும் பால் காய்ச்சினோம், அம்மா வீடியோ காலில்.

"பால் எந்தப் பக்கம் பொங்குச்சு?"

"கிழக்கேதாம்மா."

அதற்காகவே காலையில் முன் ஜாக்கியை அரைச் சுற்று இறக்கி வைத்ததை அவரிடம் சொல்லவில்லை.