கம்பெனி கைமாறும்போது

மும்பையில் லூப்ரிகண்ட் விற்கும் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்தேன். செம்பூர், மாதுங்கா பக்கமிருந்து வரும் தமிழர்கள் நாலைந்து பேர் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். கம்பெனி கைமாறப் போகிறது என்று செய்தி கசிந்ததும், "இது சம்மதத்தோட நடக்குதா, மல்லுக்கட்டா?" என்பதே பேச்சாக இருந்தது. சம்மதத்தோடுதான் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் அமெரிக்காவின் கல்ஃப் ஆயில் கம்பெனி ஞாபகம் வந்தது.

1983-ல் மெசா பெட்ரோலியம் என்ற சின்னக் கம்பெனியின் பூன் பிக்கன்ஸ், தன்னைவிடப் பல மடங்கு பெரிய கல்ஃபின் பங்குகளைச் சந்தையில் வாங்கிக் குவித்தார். தரைக்கடியில் இருக்கும் எண்ணெயின் மதிப்போடு பார்த்தால் பங்கு விலை அடிமாட்டு விலை என்பது அவர் கணக்கு. கல்ஃப் நிர்வாகம் பதறிப்போய், கலிஃபோர்னியாவின் சோகால் என்ற எண்ணெய்க் கம்பெனியிடம் அடைக்கலம் தேடியது. 1984-ல் பங்குக்கு 80 டாலர், மொத்தம் சுமார் 1,320 கோடி டாலர் என்று பேரம் முடிந்தது. பிக்கன்ஸும் அதே விலைக்கு விற்றுப் பெருத்த லாபத்தோடு ஒதுங்கிக்கொண்டார். பிட்ஸ்பர்கில் இருந்த கல்ஃப் தலைமையகம் மூடப்பட்டது; ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. மூடியது காப்பாற்ற வந்த சோகால்.

இதில் வியக்க ஒன்றுமில்லை. பிக்கன்ஸ் போன்றவருக்குப் பங்கு விலை ஏறினால் போதும். அதே தொழிலில் இருப்பவர் வாங்கினால், அவரிடம் ஏற்கெனவே ஒரு தலைமையகம், ஒரு ஆய்வுக்கூடம், ஒரு கணக்குப் பிரிவு இருக்கும். இன்னொன்று எதற்கு என்று மூடிவிடுவார்; அதை அறிக்கைகளில் 'சினர்ஜி' (சேர்வதால் வரும் ஆதாயம்) என்று பூசி மெழுகுவார்கள்.

எங்கள் பேரம் முடிந்தது வெளிநாட்டில், தாய்க் கம்பெனிகளுக்குள். அப்படி மறைமுகமாகக் கைமாறினாலும் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி, இங்குள்ள மற்றப் பங்குதாரர்களிடமும் பங்கை வாங்கிக்கொள்ள ஓப்பன் ஆஃபர் கொடுக்க வேண்டும். அதனால் நூறு பங்கு வைத்திருந்தவருக்கும் வெளியேற ஒரு விலை கிடைத்தது. அங்கேயே ஆயுளைக் கழித்த குமாஸ்தாவுக்கு அப்படி விலை சொல்ல எந்த விதியும் இல்லை.

வாங்கியவர்களின் ஆட்கள் தங்கமானவர்கள். உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, டிஸ்ட்ரிபியூட்டர் பட்டியல், கடன் வரம்பு, டிப்போ ஸ்டாக் என்று பொறுமையாகக் கேட்டார்கள். "என்ன தம்பி, இவ்வளவு மரியாதையா பேசறாங்களே?" என்றார் எங்கள் சீனியர்.

"மரியாதைக்கு என்ன சார் குறைச்சல், அவங்ககிட்டயும் ஒரு கணக்குப் பிரிவு இருக்கே."

சிரித்தார். அப்புறம் இரண்டு பக்கத்து டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கும் ஒரே மாதிரி கோட் நம்பர் போடும் வேலை எங்கள் தலையில் விழுந்தது. அது முடிந்தால் நாங்கள் எதற்கு என்று தெரிந்துகொண்டே செய்தோம். கடைசியில் கணக்குப் பிரிவில் பாதிப் பேர் போனோம். ஆயில் கலக்கும் ஆலையில் ஒருவரையும் தொடவில்லை. வாங்கியவருக்கு இந்தப் பக்கம் ஆலை கிடையாது.

2018 ஜனவரியில் அரசு எண்ணெய்க் கம்பெனியான ஓ.என்.ஜி.சி., இன்னொரு அரசு எண்ணெய்க் கம்பெனியான ஹெச்.பி.சி.எல்-லின் 51.11 சதவீதத்தை அரசிடமிருந்து 36,915 கோடி ரூபாய்க்கு வாங்கியபோதும் இந்தக் கணக்கையே போட்டுப் பார்த்தேன். அது பகையும் இல்லை, நட்பும் இல்லை. அப்பா கடையை மூத்த மகனுக்கு விற்றுப் பணத்தை வாங்கிக்கொண்ட கதை. மகன் கடன் வாங்கித்தான் கட்டினான். ஆனால் ஒருவர் கிணறு தோண்டுபவர், மற்றவர் சுத்திகரித்து விற்பவர். அதனால் ஹெச்.பி.சி.எல்-லின் மாகுல் ஆலையிலும் சர்ச்கேட் அலுவலகத்திலும் வேலை பழையபடி ஓடியது.

மங்களூரு எம்.ஆர்.பி.எல். சுத்திகரிப்பு ஆலை 2003-லிருந்தே ஓ.என்.ஜி.சி. கையில் இருக்கிறது. அதை ஹெச்.பி.சி.எல்-லோடு இணைக்கலாம் என்று பேச்சு கிளம்பியதும் எம்.ஆர்.பி.எல்-லில் வேலை பார்க்கும் செம்பூர் நண்பர் போன் செய்தார். விலை என்ன, பங்குக்குப் பங்கு என்ன விகிதம் என்றெல்லாம் கேட்கவில்லை. "சார், அவங்க ஃபைனான்ஸ்ல எத்தனை பேர் இருப்பாங்க?" என்றார்.