எந்த நடையை எடுப்பது?

"புது வண்டி எதுவும் இல்ல சார். உங்க நகருக்குள்ள விடணும்னா வேற எங்கிருந்தாவது எடுக்கணும். எங்கிருந்துன்னு நீங்களே சொல்லுங்க."

எங்கள் நகர் குடியிருப்போர் சங்கத் தலைவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆனால் அந்தப் போக்குவரத்துக் கழக அதிகாரி என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நம்ம டிபார்ட்மென்ட் ஆள் என்கிற உரிமை. அதே உரிமையில் நானும் சொன்னேன்: "ராத்திரி ஒன்பதே முக்கால் கட் சர்வீஸ்ல கலெக்‌ஷனே இருக்காது சார்."

கட் சர்வீஸ் என்றால் முழுத் தடமும் போகாமல் பாதியிலேயே திரும்பும் வண்டி; நடை என்றால் வண்டி ஒரு தடவை போவது. சங்கம் என்னைக் கூட்டிக்கொண்டு போனதே இந்த மாதிரிப் பேச்சுக்குத்தான். சென்னை பஸ் கழகத்துக்குப் பல்லவன் என்று பெயர் இருந்த காலத்தில் கண்டக்டராகச் சேர்ந்து, பஸ் நேரங்களைக் குறிக்கும் டைம் கீப்பராக ஓய்வு பெற்றவன் நான். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தைத் திறந்தார்கள். வெளியூர் பஸ்ஸெல்லாம் எங்களுக்குக் கிட்டே வந்துவிட்டது, அங்கே போய்ச் சேரத்தான் வழியில்லை. ஷேர் ஆட்டோ ஜி.எஸ்.டி. ரோட்டோடு நின்றுவிடும். கிளாம்பாக்கம் ரயில் நிலைய வேலையும் முடியாத நேரம் அது. சங்கம் முதலில் எழுதிய மனுவில் பஸ், தெருவிளக்கு, மழைநீர் வடிகால், நாய்த் தொல்லை எல்லாம் இருந்தது. நான்தான் அதைக் கிழிக்கச் சொன்னேன். ஒன்றை மட்டும் கேளுங்கள், நேரத்தோடு கேளுங்கள் என்றேன்.

நேரம் என்றால் வெளியாட்களுக்குப் புரிவதில்லை. நகருக்குள் வந்து திரும்ப ஒரு வண்டிக்குக் கால் மணி நேரம் கூடும். நாலு நடை வந்தால் ஒரு மணி நேரம். டிரைவர், கண்டக்டர் டூட்டியோ எட்டு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்துக்காக எங்கேயோ ஒரு நடை போகும். கழகத்தில் வண்டி 3,000-க்கு மேல் இருக்கிறது என்று பேப்பரில் படித்துவிட்டு, ஒன்றே ஒன்று தரக்கூடாதா என்று கேட்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் போனேன்.

நான் சொன்னது பொய் இல்லை. என் காலத்தில் அந்த நடையின் வே பில்லை, அதாவது கண்டக்டர் டிக்கெட் கணக்கெழுதும் தாளை, பார்த்தால் சிரிப்பு வரும். பூ விற்றுவிட்டுத் திரும்புகிறவர்கள், கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங் ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள், ஓட்டல் மாஸ்டர் ஒருவர். அவ்வளவுதான் கூட்டம்.

ஆனால் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். அந்தப் பணத்தை அரசு கழகத்துக்குக் கொடுக்கிறது. கண்டக்டர் பை காலியாக இருந்தால் வண்டியும் காலி என்று இப்போது சொல்ல முடியாது. நான் சொன்னது பழைய கலெக்‌ஷனை வைத்து. சரி, அதிகாரியின் கம்ப்யூட்டரில் இலவச டிக்கெட் கணக்கும்தானே இருக்கும்? பார்த்துவிட்டு மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறக்காவிட்டாலும் அவர் அந்த நடையைத்தான் எடுத்திருப்பார். வீட்டில் இதைச் சொன்னபோது, "அப்ப நீங்க எதுக்கு வாயத் திறந்தீங்க?" என்று கேட்டாள் என் மனைவி. பதில் இல்லை.

இந்தப் பக்கமும் பார்க்க வேண்டும். நாங்கள் கேட்ட பஸ் வந்துவிட்டது. காலை ஏழு பத்துக்கு எங்கள் தெருமுனையில் இப்போது நிற்க இடமிருக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகும் பெரியவர்கள். எங்கள் வீடுகளுக்கு வேலைக்கு வரும் பெண்களும் அதில்தான் வந்து இறங்குகிறார்கள், காசில்லாமல். தலைகளை எண்ணினால் லாபம்தான். எண்ணிப் பார்த்துத்தான் பேசுகிறேன். அந்தக் கடைசி வண்டிக்காரர்களுக்குச் சங்கம் கிடையாது, லெட்டர்ஹெட் கிடையாது, டிபார்ட்மென்டில் இருந்து ஓய்வு பெற்ற ஆளும் கிடையாது. அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்களுக்கும் ஒரு மனு எழுதிக் கொடுக்கலாம். அதைச் செய்யவில்லை. செய்தால் எங்கள் ஏழு பத்துக்கே ஆபத்து வரலாம்.

போன மாதம் என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவன் கல்யாண வீட்டில் அகப்பட்டான். "அந்த ஒன்பதே முக்கால் நின்னுபோச்சுண்ணே" என்றான். எங்களால்தானா என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும், ஆள் பற்றாக்குறையில எத்தனையோ நிக்குது" என்றான்.

"யாராவது வந்து கேட்டாங்களா?"

"ஒரு அம்மா டிப்போவுக்கு ரெண்டு தடவை வந்து கேட்டாங்க. அப்புறம் வரல."

ஆள் பற்றாக்குறை என்று அவன் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நாள் தாங்கியது.

இப்போது சாயங்காலத்துக்கும் ஒரு நடை வேண்டும் என்கிறது சங்கம். தலைவர் தேதி வாங்கிவிட்டார். நான் கூட வருவேன், எதை எடுக்கலாம் என்று மட்டும் இந்த முறை சொல்ல மாட்டேன் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவருக்கு அது விளங்கவில்லை. மத்தியானம் இரண்டே காலுக்கு ஒரு கட் சர்வீஸ் போகிறது, அநேகமாகக் காலியாகத்தான் போகிறது.