காவல் கணுவில் ஆர்.டி.-பி.சி.ஆர்.: பாசிட்டிவ் வந்த பிறகுதான் வேலையே

கோவிட் வந்த பிறகு சி.டி. வேல்யூ (தேடும் ஆர்.என்.ஏ. தெரிய எத்தனை சுழற்சி ஆனது என்ற எண், குறைந்தால் ஆர்.என்.ஏ. அதிகம்) என்னவென்று வீட்டுக்கு ஒருவருக்காவது தெரியும். அதே ஆர்.டி.-பி.சி.ஆர்.-ஐ மெலனோமா என்ற தோல் நிறமிச் செல் புற்றுநோய் உள்ளவரின் நிணநீர்க் கணுவில் ஓட்டும்போது ஒரு சிக்கல். வைரஸின் ஆர்.என்.ஏ. உடம்புக்கு அந்நியம். இங்கே தேடும் டைரோசினேஸ், மார்ட்-1 இரண்டும் நம் தோலின் நிறமிச் செல்களுக்கே சொந்தமான ஜீன்கள். கணுவுக்குள் அவற்றுக்கு வேலையில்லை என்ற நம்பிக்கையில்தான் சோதனை நிற்கிறது. அது எங்கே உடைகிறது என்று தெரியாமல் கருவியைத் தொடுவதில் பயனில்லை.

ஏன் இந்தச் சோதனை என்பதற்கு ஒரு கணக்கு போதும். கட்டியிலிருந்து வடியும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணுவே காவல் கணு. அது 10 மி.மீ. நீளம் என்றால், 5 மைக்ரான் கனத்தில் 2,000 சீவல்கள் வரும். நோயியல் மருத்துவர் பார்ப்பது 20 என்று வைத்தாலும் நூற்றில் ஒரு பங்குதான். மீதியில் ஒளிந்திருப்பதைப் பி.சி.ஆர். பிடிக்கும் என்ற ஆசையில் 1990-களில் பல ஆய்வகங்கள் இதில் இறங்கின.

பாதித் தவறுகள் வெட்டும் பலகையிலேயே நடந்துவிடும். கணுவை நீளவாக்கில், ரத்தக்குழாய் நுழையும் வாய் வழியாகப் பிளந்து, 2 மி.மீ. துண்டுகளாக்க வேண்டும். ஒவ்வொரு கணுவுக்கும் புது பிளேடு, புது கையுறை. மூலக் கட்டியை அதே பலகையில் வைக்கவே கூடாது. சாதாரணத் தோலிலும் டைரோசினேஸ் உண்டு என்பதால், அறுவைக் கத்தியில் ஒட்டி வந்த தோல் துணுக்கு ஒன்றே பொய் பாசிட்டிவுக்குப் போதும். காவல் கணுவை அடையாளம் காண டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றிய கணு என்றால் கதிரியக்கம் தணியட்டும் என்று காத்திருக்கத் தோன்றும். அதன் அரைவாழ்வு 6 மணி நேரம், ஆர்.என்.ஏ. அவ்வளவு நேரம் பொறுக்காது. கதிர்ப் பாதுகாப்பு அலுவலரிடம் முன்பே பேசிவைத்து, எடுத்த அரை மணிக்குள் திரவ நைட்ரஜனிலோ ஆர்.என்.ஏ. காக்கும் கரைசலிலோ போட்டுவிடுவதே வழி. நீண்ட நாள் வைப்பதென்றால் மைனஸ் 80 டிகிரி.

பிரித்தெடுப்பு வழக்கமானதுதான். 50 முதல் 100 மி.கி. திசுவுக்கு 1 மி.லி. டிரைசால் (செல்லைக் கரைத்து ஆர்.என்.ஏ.-வைப் பிரிக்கும் திரவம்), 0.2 மி.லி. குளோரோஃபார்ம், 4 டிகிரியில் 12,000 ஜி விசையில் 15 நிமிடம். மேலே தெளிந்த நீர் அடுக்கை மட்டும் உறிஞ்ச வேண்டும். கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட்டு நடுவிலுள்ள வெள்ளைப் படலத்தைத் தொட்டால் டி.என்.ஏ. கூடவே வரும். தூய்மையைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 2-ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

நிறமி கணிசமாகப் படிந்த கணுவில், அடியில் வெள்ளையாகப் படியவேண்டிய ஆர்.என்.ஏ. பழுப்பேறி, தேநீர்க் கறை மாதிரி தெரியும். அந்த நிறமியான மெலனின், பி.சி.ஆர்.-இல் நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதியையே முடக்கும். நெகட்டிவ் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் நோய் அதிகமுள்ள கணுவே நெகட்டிவாகத் தெரியும் விபரீதம் இது. மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். தடை இல்லையென்றால் சி.டி. சுமார் 3.3 ஏற வேண்டும். ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ மெலனின்தான் குற்றவாளி. எதிர்வினையில் போவைன் ஆல்புமின் என்ற மாட்டு ரத்தப் புரதம் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும்.

ஒவ்வொரு ரன்னிலும் நீர் மட்டும் போட்ட குழி, ஆர்.என்.ஏ.-வை டி.என்.ஏ.-வாக மாற்றும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி போடாத குழி, எல்லாச் செல்லிலும் இயங்கும் வீட்டுவேலை ஜீன் ஒன்று, ஆய்வகத்தில் வளர்க்கும் எஸ்.கே.-மெல்-28 மெலனோமா செல்லின் ஆர்.என்.ஏ. நீர்த்த வரிசை எல்லாம் இருக்க வேண்டும். பாசிட்டிவ், நெகட்டிவ் பிரிக்கும் கட்-ஆஃப் எண்ணை மெலனோமா இல்லாதவர்களின் கணுக்களை ஓட்டி நாமே வைக்க வேண்டும். கிட் அட்டையில் அச்சிட்டதை நம்பி வைப்பதில்லை.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: கணு மச்சம். கணுவின் உறையில், சில சமயம் உள் இழைகளில், தீங்கற்ற நிறமிச் செல் கூட்டம் குடியிருக்கும். அதுவும் டைரோசினேஸும் மார்ட்-1-உம் தரும். திசுவை நசுக்கிக் கரைத்த பிறகு, அந்தச் செல் உறையில் இருந்ததா, புற்றுச் செல் பெரும்பாலும் தங்கும், உறைக்குக் கீழே உள்ள குழிவில் இருந்ததா என்று எந்த இயந்திரமும் சொல்லாது.

அமெரிக்காவில் 1997-ல் தொடங்கிய சன்பெல்ட் ஆய்வு இதை எண்ணிக்கையிலேயே காட்டியது. டைரோசினேஸுடன் மார்ட்-1, மேஜ்-3, ஜி.பி.-100 ஆகிய அடையாள ஜீன்களில் ஒன்றாவது தெரிந்தால்தான் பாசிட்டிவ் என்று கறாராக விதி வைத்தார்கள். நுண்ணோக்கியில் நெகட்டிவ் ஆன 1,446 பேரில் 620 பேருக்கு பி.சி.ஆர். பாசிட்டிவ். 2006-ல் வெளியான முடிவில், சராசரியாக 30 மாதக் கண்காணிப்பில், மற்ற 826 பேருக்கும் இவர்களுக்கும் நோய் திரும்புவதிலும் உயிர்வாழ்விலும் வித்தியாசமே இல்லை. பாசிட்டிவ் ஆனவர்களில் ஒரு பகுதியினருக்குக் கணுக்களை முழுதாக அகற்றியும், நோய் எதிர்ப்பைத் தூண்டும் இன்டர்ஃபெரான் மருந்து கொடுத்தும் பார்த்தார்கள். பயன் தெரியவில்லை. அதற்கு முன் சிறு ஆய்வுகளை வைத்து நிறையப் பேசியாயிற்று என்பது வேறு கதை.

இதனால் கணுவின் பாதியைப் பி.சி.ஆர்.-க்கென்று பிரித்துக் கொடுப்பதை நான் ஆதரிப்பதில்லை. கட்டி இருந்த பாதி கரைந்துபோனால் நிலை நிர்ணயமே தவறும், புற்றுநோய் நிலைகளை வகுக்கும் ஏ.ஜே.சி.சி. கையேட்டின் எட்டாம் பதிப்பு கேட்பது நுண்ணோக்கியில் கண்ட செல்லைத்தான். ஆராய்ச்சிக்கு வேண்டுமானால் நோயியல் பிரிவில் திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டையிலிருந்தே எடுக்கலாம்: 10 மைக்ரான் சுருள்கள், முதல் சுருள் குப்பைக்கு, கட்டைக்குக் கட்டை புது பிளேடு. ஃபார்மலின் ஆர்.என்.ஏ.-வைத் துண்டாக்கிவிடுவதால் 100 பேஸை ஒட்டிய குட்டை ஆம்ப்ளிகான் (நகலெடுக்கும் துண்டு) தான் எடுபடும்.

அறிக்கையில் 'மெலனோமா பரவியுள்ளது' என்று ஒருபோதும் எழுதுவதில்லை. 'நிறமிச் செல் எம்.ஆர்.என்.ஏ. கண்டறியப்பட்டது, நோய் நிலையில் மாற்றமில்லை' என்றே போகும். கூடவே அந்தக் கட்டையை நோயியல் மேசைக்குத் திருப்பி, இன்னும் ஆழமாகச் சீவி எச்.எம்.பி.-45, பிரேம் சாயங்கள் போட்டுப் பார்க்கச் சொல்கிறோம். மச்சச் செல்கள் பெரும்பாலும் இந்த இரண்டிலும் சாயம் பிடிப்பதில்லை.