டவர் லைட் வாங்கப் போயி நான் பட்ட பாடு

அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் மைன்ஸ்ல மெயின்டனன்ஸ் பாக்குறேன், காண்ட்ராக்டர் சைடு. பொக்லைன், டம்பர், டிரில், கம்ப்ரஸர் எல்லாம் நம்ம தலையிலதான், அதோட சேத்து ராத்திரி ஷிஃப்டுக்கு வெளிச்சம் குடுக்குற டவர் லைட்டும், அதாவது ஜென்செட்டும் உயரமான கம்பத்துல லைட்டும் வச்ச இழுவை வண்டி. இந்த டவர் லைட்ட எவனும் மெஷினாவே மதிக்க மாட்டான், எரிஞ்சா சரி எரியலன்னா மட்டும் ஃபோன் வரும். போன வருசம் அத புதுசா வாங்குற வேலைய எங்கிட்ட குடுத்தாங்க, ஒரு வாரத்துல முடிச்சுடலாம்னு நெனச்சேன், முடிய ஆறு மாசம் ஆச்சு. வாங்கப் போறவங்க யாருக்காவது உதவட்டும்னு எழுதுறேன்.

எங்ககிட்ட பழசு நாலு இருந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் ஆயிரம் வாட்ஸ் மெட்டல் ஹாலைடு (எல்இடிக்கு முந்தின மாடல் பெரிய பல்பு) நாலு, கீழ 7.5 கேவிஏ டீசல் ஜென்செட், மாஸ்ட (லைட்டு மாட்டுற கம்பத்த) கையால சுத்தி ஏத்துற வின்ச். பிட்டுக்குள்ள (கல்லு வெட்டுற பள்ளம்) கம்பம் நட்டு கேபிள் இழுக்கலாமேன்னு கேப்பீங்க, முடியாதுங்க, ஃபேஸ் (கல்லு வெட்டுற முகப்பு) நகர்ந்துகிட்டே இருக்கும், வெடி வைக்கிற ப்ளாஸ்டிங் அன்னைக்கு எல்லாத்தையும் தூக்கணும், கல்லு பறந்து கேபிள் மேல விழுந்தா அப்புறம் வேற கதை. அதனால இழுத்துட்டுப் போற டவர்தான் ஒரே வழி.

ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணி இருக்கும், ஃபேஸ்ல நிக்கிற டவர் டீசல் தீந்து நின்னுருச்சு. டீசல் ஊத்தி, ஏர் எடுத்து, இன்ஜின ஸ்டார்ட் பண்ணியாச்சு, ஆனா லைட்டு வரல. ஹாலைடு அப்படித்தான், சூடா இருக்குறப்ப அணைஞ்சா ஆறுற வரைக்கும் திரும்பப் பத்தாது, பத்து பதினஞ்சு நிமிசம் சும்மா நிக்கணும், பத்துனதுக்கப்புறமும் முழு வெளிச்சம் வர மூணு நாலு நிமிசம் ஆகும். பொக்லைன் ஹெட்லைட்ட தவிர பிட்டுக்குள்ள ஒண்ணும் தெரியல. அந்த நேரத்துல ஒரு டம்பர் ரிவர்ஸ்ல வந்து பெர்ம் (ஓரத்துல தடுப்பாப் போட்ட மண்மேடு) மேல பின் டயர் ஏறி நின்னுது, நல்லவேளை மண்ணு கெட்டியா இருந்துச்சு. ஓட்டுனவரு எறங்கி வந்து ஒண்ணும் சொல்லல, ஒரு பீடிய பத்த வச்சுட்டு அந்த டயரையே பாத்துகிட்டு நின்னாரு. மறுநாள் காலையில மைன்ஸ் மேனேஜர் கூப்ட்டு, "தம்பி, எல்லாத்தையும் எல்இடி ஆக்கிருங்க"ன்னு சொன்னாரு.

இங்கதான் மொத தப்பு பண்ணேன். எல்இடி ஆக்குறதுன்னா பழைய டவர்லயே ஹாலைடு லைட்ட கழட்டிட்டு எல்இடி ஃப்ளட் லைட் மாட்டுனா போதும், செலவு கம்மின்னு நெனச்சு ரெண்டு டவருக்கு 300 வாட்ஸ்ல நாலு நாலு வாங்கி மாட்டிட்டேன். மாட்டுன அன்னைக்கு எல்லாரும் பாராட்டுனாங்க, சுவிட்ச போட்டதும் பளிச்சுன்னு வந்துச்சு. ஒரு மாசம் கழிச்சு சைலன்ஸர் ஜாயின்ட்ல இருந்து கரிய எண்ணெயில கொழச்ச மாதிரி ஒண்ணு ஒழுகுது, வெள்ளப் புகை வேற. இன்ஜின் போயிருச்சுன்னு பயந்துட்டு எங்க பழைய மெக்கானிக் அண்ணன கூப்ட்டேன். அவரு விரல்ல தொட்டுப் பாத்துட்டு, "இன்ஜினுக்கு வேலையே குடுக்காம ஓட்டுனா இப்படித்தாண்டா ஆகும்"னு சொன்னாப்ல.

கணக்கு போட்டுப் பாத்தா அவரு சொன்னதுதான் சரி. முன்னாடி ஹாலைடு நாலும் சோக்கு லாஸோட சேத்து நாலரை கிலோவாட் கிட்ட இழுத்துச்சு, இப்ப நாலு எல்இடி சேந்து 1.2 கிலோவாட். ஆறு கிலோவாட் குடுக்குற ஜென்செட்டுக்கு இது வெறும் இருவது சதவீதம்தான். டீசல் இன்ஜின முப்பது சதவீத லோடுக்குக் கீழ மாசக்கணக்கா ஓட்டுனா உள்ள சூடு ஏறாது, டீசல் முழுசா எரியாது, எரியாததெல்லாம் சைலன்ஸர் வழியா ஒழுகும், ரிங்குலயும் வால்வுலயும் கரி கட்டும். சரி டீசலாவது மிச்சம் ஆச்சான்னா அதுவும் நெனச்ச அளவு இல்ல. மணிக்கு 2.2 லிட்டர் குடிச்சது 1.3க்கு வந்துச்சு, அவ்வளவுதான். பெரிய இன்ஜின் சும்மா சுத்துறதுக்கே அவ்வளவு கேக்குது.

அப்பத்தான் புரிஞ்சுது, லைட்டும் இன்ஜினும் ஜோடியா வரணும், தனித்தனியா வாங்குனா ஒத்து வராதுன்னு. சரி புது டவரே வாங்கிருவோம்னு மூணு கம்பெனிகிட்ட கொட்டேஷன் கேட்டேன்.

கொட்டேஷன் வந்ததும் தல சுத்திருச்சு. ஒருத்தன் மொத்தம் 1.8 லட்சம் லூமன்ங்கிறான் (பல்புல இருந்து கெளம்புற வெளிச்சத்தோட அளவு), இன்னொருத்தன் ரெண்டரை லட்சம்ங்கிறான். எங்க பழைய ஹாலைடு புதுசா இருக்குறப்ப ஒரு பல்பே கிட்டத்தட்ட ஒரு லட்சம், நாலு சேந்தா நாலு லட்சம். அப்ப எல்இடி ரொம்பக் கம்மியா இருக்கேன்னு பர்ச்சேஸ்ல கேட்டாங்க, நியாயமான கேள்விதான். ஆனா ஹாலைடு பல்பு எல்லாப் பக்கமும் எறச்சு விடும், அத ரிஃப்ளெக்டர் புடிச்சு முன்னாடி தள்ளணும், அந்த ரிஃப்ளெக்டர்ல சுண்ணாம்புத் தூசி படிஞ்சு, பல்பும் பழசாயி வெளிச்சம் கொறஞ்சுகிட்டே வரும். எல்இடில லென்ஸ் வச்சு எங்க வேணுமோ அங்க மட்டும் அடிக்கலாம். பல்புல இருந்து எவ்வளவு கெளம்புதுங்கிறத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, தரையில எவ்வளவு விழுதுன்னு அளந்தாத்தான் தெரியும். அதுக்குத்தான் லக்ஸ் மீட்டர், விழுற வெளிச்சத்த லக்ஸ் கணக்குல காட்டும்.

டிஜிஎம்எஸ் (சுரங்கப் பாதுகாப்ப பாக்குற மத்திய அரசு அமைப்பு) கணக்குல பெரிய மெஷின் வேலை செய்ற இடத்துல தரையில 5 லக்ஸ், செங்குத்தா நிக்கிற பரப்புல 10 லக்ஸ் வேணும். டம்பர் ஓடுற ரோட்டுக்கு அதவிடக் கம்மி போதும். படிக்கிறப்ப 5 லக்ஸ்லாம் ஒரு விசயமான்னு தோணும். மேனேஜர் ரூம்ல இருந்த மீட்டர எடுத்துட்டுப் போயி பழைய டவர்கிட்ட அளந்தேன், டவர் அடியில 90 காட்டுது, நாப்பது மீட்டர் தள்ளி டம்ப் (மண்ணு கொட்டுற மேடு) ஓரத்துல வச்சா 2. தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் கால்வாசி ஆயிரும்னு பள்ளிக்கூடத்துல படிச்சதுதான், தரையில படுக்க வச்சு அளந்தா சாய்வா விழுறதால இன்னும் கொறையும். டவர் அடியில பகல் மாதிரி இருக்கு, ஆனா அங்க நிக்கிறது டவர் மட்டும்தான். வேலை நடக்குறது நாப்பது மீட்டர் தள்ளி.

அதனால மூணு பேருகிட்டயும் ஒரே கண்டிஷன் போட்டேன், ராத்திரி எங்க பிட்டுல கொண்டாந்து எரிய விட்டுக் காட்டுங்க, இல்லன்னா வேணாம்னு. ஒருத்தன் வரவே இல்ல, ஃபோட்டோவா அனுப்பிகிட்டு இருந்தான். ரெண்டு பேரு வந்தாங்க. இந்த ராத்திரி டெமோலதான் நெறைய விசயம் வெளிய வந்துச்சு. சுண்ணாம்புக்கல் ஃபேஸ்ல அடிச்சா வெளுப்பான பாறை வெளிச்சத்த திருப்பி விடுது, எல்லாம் ஜம்முன்னு இருக்கு. அதே டவர மேல ஓபி (கல்லுக்கு மேல இருந்து எடுக்குற மண்ணு) டம்ப்புக்கு இழுத்துட்டுப் போனா கரிசமண்ணு வெளிச்சத்த அப்படியே குடிச்சிருது, மீட்டர் அதே நம்பர் காட்டும் ஆனா கண்ணுக்கு பள்ளம் எது மேடு எதுன்னு தெரியல. அதனால டம்ப்புக்கு ஒரே பெரிய டவர் வைக்காம ரெண்டு பக்கத்துலருந்து அடிக்கிற மாதிரி ரெண்டு சின்னது வைக்கணும்னு அன்னைக்கே முடிவு பண்ணோம், நிழல் விழுற எடத்துலதான் ஆபத்து இருக்கு.

இன்னொண்ணு கண்ணு கூசுறது. வந்த ரெண்டு டவர்ல ஒண்ணு ஆறு மீட்டர் ஒசரம், ஒண்ணு ஒம்போது மீட்டர். ஆறு மீட்டர்காரன் விலை ஒன்றரை லட்சம் கம்மி, பர்ச்சேஸ் முழுக்க அவன் பக்கம். பெர்ம்ல டயர் ஏத்துனாரே அந்த டம்பர் அண்ணன வேணும்னே கூட்டிட்டு வந்து ரெண்டு வெளிச்சத்துலயும் ஓட்டச் சொன்னேன். எறங்கி வந்து சொன்னாரு, "தம்பி, அந்தக் குட்டையா இருக்குறது எதுக்கால வர்ற பஸ்சு டிம் பண்ணாத மாதிரி இருக்கு, இது பரவால்ல." உயரம் கம்மின்னா தூரத்துக்கு அடிக்க லைட்ட நிமித்தி வைக்கணும், நிமித்துனா நேரா ஓட்டுறவன் கண்ணுல அடிக்கும். டம்பர் கேபினே தரையிலருந்து ரொம்ப ஒசரத்துல இருக்குங்கிறத ஆஃபீஸ்ல உக்காந்து கொட்டேஷன் பாக்குறவங்க மறந்துருவாங்க. ஒம்போது மீட்டர்தான்னு முடிவாச்சு. கலரும் ரொம்ப நீலம் கலந்த வெள்ளையா வேணாம், தூசில அது பனி மாதிரி தெரியுதுன்னு ஓட்டுறவங்க சொன்னதால 4000 கெல்வின் கேட்டு வாங்குனோம்.

சோலாரும் பாத்தேன், ஏன் பாக்கலன்னு யாரும் கேட்டுறக் கூடாதுல்ல. டீசலே வேணாம், சத்தம் இல்ல, நல்லாத்தான் இருக்கு. ஆனா பதினோரு மணி நேரம் கிலோவாட் கணக்குல எரிக்கிற அளவுக்கு பேனலும் பேட்டரியும் வச்சா வண்டி பெருசாயிரும், எங்க பிட்டுல காலையில தொடச்ச பேனல் சாயங்காலம் மாவு மில்லு மாதிரி ஆயிருக்கும், ஐப்பசி கார்த்திகையில வெயிலே பாக்க முடியாது. கேட்டுக்கும் வெயிட்பிரிட்ஜுக்கும் சின்னதா ஒண்ணு வைக்கலாம், ஃபேஸுக்கு ஆகாது.

இன்ஜின்ல நான் பாத்தது ரெண்டே விசயம். 3000 ஆர்பிஎம்ல ஓடுற சின்ன ஜென்செட் விலை கம்மி, எடை கம்மி, ஆனா கத்தும், சீக்கிரம் தேயும். தெனம் பதினோரு மணி நேரம் ஓடுற எடத்துக்கு 1500 ஆர்பிஎம், தண்ணில கூல் ஆகுற இன்ஜின்தான் சரி. ரெண்டாவது சர்வீஸ் எத்தன மணி நேரத்துக்கு ஒருக்கா. 250 மணின்னா எங்களுக்கு 23 நாளுக்கு ஒரு ஆயில் சேஞ்ச், 500 மணின்னா ஒன்றரை மாசம். நாலு டவருக்குப் பெருக்கிப் பாருங்க, ஒரு ஆளோட வேலை அது. 2023 ஜூலையிலருந்து தயாரிக்கிற புது ஜென்செட்னா சிபிசிபி 4 ப்ளஸ்தான் (மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட புகை விதி), ஒருத்தன் பழைய ஸ்டாக்க கம்மி விலைக்குத் தள்ளப் பாத்தான், ஆடிட்ல யாரு பதில் சொல்றதுன்னு விட்டுட்டேன்.

கடைசில எடுத்தது நாலு டவர். 320 வாட்ஸ் எல்இடி நாலு, 3 கேவிஏ ஜென்செட், பாதி லோடுல ஓடுது, இன்ஜின் சந்தோசமா இருக்கு. மணிக்கு 0.7 லிட்டர். பழசு நாலும் ஹாலைடுல ஓடுனப்ப ஒரு ராத்திரிக்கு 97 லிட்டர் குடிச்சுது, இப்ப 31. லிட்டர் 92 ரூபான்னு வச்சாலும் ஒரு ராத்திரிக்கு ஆறாயிரம் மிச்சம், இந்த ஒரு வரிய எழுதிக் குடுத்ததும் எம்டி கையெழுத்து போட்டுட்டாரு, லக்ஸ் நிழல் பத்தி நான் எழுதுன ரெண்டு பக்கத்த அவரு படிச்ச மாதிரியே தெரியல. 80 லிட்டர் டேங்க், பத்து ராத்திரி தாங்குது. டேங்க் மூடிக்குப் பூட்டு வேணும்னு கொட்டேஷன்லயே எழுதி வாங்குனேன், ஏன்னு மைன்ஸ்ல இருக்குறவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல.

வந்ததுக்கப்புறமும் சும்மா இல்ல. மொதல்ல எர்த்து. பாறையில எர்த் ராடு எறங்க மாட்டேங்குது, சம்மட்டியால அடிச்சா ராடு வளையுது. டிரில் மெஷின வச்சு ஓட்டை போட்டு, பென்டோனைட் (ஈரம் புடிச்சு வைக்கிற களிமண்ணு) கொழச்சு ஊத்தி ராடு வச்சோம், டவர் அடிக்கடி நிக்கிற நாலஞ்சு எடத்துல அப்படி நிரந்தரமா போட்டு வச்சிருக்கோம். அதுக்கப்புறம் ஆடிக் காத்து. மாஸ்ட் ஹைட்ராலிக், சுவிட்ச அமுக்குனா ஏறுது, அது பெரிய நிம்மதி, பழைய வின்ச்சுல ரோப் நூலு நூலா பிஞ்சு கையக் கிழிச்ச கதையெல்லாம் உண்டு. ஆனா ஈஸியா ஏறுதுன்னு காத்து அடிக்கிறப்பவும் முழு ஒசரத்துல விட்டுட்டுப் போயிருறாங்க. காத்து பலமானா பாதிக்கு எறக்கணும்னு டவர் மேலயே தமிழ்ல பெயின்ட்ல எழுதி வச்சேன். அப்படியும் ஒருத்தன் மாஸ்ட முழுசா எறக்காம ட்ராக்டர்ல மாட்டி இழுத்துட்டு 11 கேவி லைனுக்கு அடியில போகப் பாத்தான், எதுக்கால வந்த வாட்டர் டேங்கர்காரர் ஹாரன் அடிச்சு நிறுத்துனாரு. இப்ப அந்த லைனுக்கு ரெண்டு பக்கமும் கம்பம் நட்டு குறுக்க கொடி கட்டி விட்டுருக்கோம், தட்டுனா ஓட்டுறவனுக்கே தெரியும்.

மழை ஆரம்பிச்சதும் ஓபி மேல ஜாக்கி மண்ணுக்குள்ள எறங்குது. சாயங்காலம் நேரா நிறுத்துன டவர் காலையில குடிகாரன் மாதிரி சாஞ்சு நிக்கிது. பழைய கன்வேயர் பெல்ட்ட வெட்டி அடியில போட்டுப் பாத்தோம், வளைஞ்சு போச்சு, அப்புறம் ரயில்வே ஸ்லீப்பர் கட்டை வாங்கிப் போட்டோம், அதுதான் நிக்கிது. ஒரு எல்இடி ட்ரைவர் (லைட்டுக்கு கரண்ட சரியா குடுக்குற சர்க்யூட்) மூணாவது மாசமே போச்சு, பின்னாடி சூட்ட வெளிய விடுற ஃபின்னுல தூசி அப்பி சூடு வெளியேறல, இப்ப வாரம் ஒருக்கா ஏர் அடிக்கிறோம், ஸ்பேர் ட்ரைவர் ரெண்டு ஸ்டோர்ல இருக்கு. லைட்டோட சேத்தே ஸ்பேர் வாங்கிருங்க, அப்புறம் கேட்டா மூணு வாரம் ஆகுங்கிறான்.

யாரும் எதிர்பாக்காத ஒண்ணு ஈசல். முன்னாடி மழை பேஞ்ச மறுநாள் ராத்திரி ஹாலைடு டவர் அடியில ஈசல் முழங்கால் வரைக்கும்னு சொல்ல மாட்டேன், ஆனா செருப்பு வைக்க எடம் இருக்காது, ரேடியேட்டர்ல ஒட்டி இன்ஜின் சூடாகும், ஒரு ஹெல்ப்பர் பையன் அத அள்ளி வறுக்க எடுத்துட்டுப் போவான். எல்இடில அந்தப் பூச்சிய இழுக்குற கதிர் ரொம்பக் கம்மி, இப்ப கொஞ்சம்தான் வருது. அவன் மட்டும்தான் புது லைட்டு சரியில்லண்ணேங்கிறான்.