தங்கத் தாளும் 345 லக்ஸும்

ஒருவழியாகத் தங்கத் தாள் அடங்கிவிட்டது. 18-க்கு 24 அங்குல கிருஷ்ணர் பலகையின் மீது எப்படிக் குனிந்தாலும் இப்போது விளக்கின் வெள்ளைத் திட்டு கண்ணில் அறைவதில்லை. தஞ்சாவூர் ஓவியம் போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லையை விளக்க வேண்டியதில்லை.

விளக்குக் கடையில் இன்னமும் வாட் கணக்கில்தான் பேசுகிறார்கள். வாட் மின்கட்டணத்துக்கு உதவும், ஓவியத்துக்கு உதவாது. விளக்கு மொத்தமாக உமிழ்வது லூமென். அதில் பலகையின் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு விழுகிறது என்பது லக்ஸ். என் அறையில் சுவரில் மாட்டிய 20 வாட் டியூப் 2000 லூமென் தருகிறது. மேசையில் லக்ஸ் மீட்டர் காட்டியதோ 120 லக்ஸ். சாதாரணமாகப் படிப்பதற்கே 300 வேண்டும். கைப்பேசிச் செயலியை நம்பாதீர்கள். பக்கவாட்டிலிருந்து வரும் ஒளியை அது ஒழுங்காகக் கணக்கில் எடுப்பதில்லை.

மேசைக்கு 10 வாட், 800 லூமென் எல்.இ.டி. பேனல் (தட்டையான பலகை விளக்கு) வாங்கினேன். பால் நிறத் தகடு மூடிய பேனல் என்பதால் லூமெனை 3.14 ஆல் வகுத்தால் நேர் எதிரே வரும் ஒளிச்செறிவு கிடைத்துவிடும்: சுமார் 255 கேண்டெலா. அதை மீட்டரில் எடுத்த தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் நேர் கீழே விழும் லக்ஸ்; மூலைகளுக்கு, ஒளி சாய்ந்து விழுவதால் குறைவதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பலகைக்கு நேர் மேலே 50 சென்டிமீட்டரில் தொங்கவிட்டால் நடுவில் 1000 லக்ஸைத் தாண்டுகிறது, மூலையில் 400தான். 70 சென்டிமீட்டருக்கு உயர்த்தினால் நடுவில் 520, மூலையில் 310. நடுப்பகுதி பாதியாகக் குறையும்போது மூலை கால்வாசிதான் இழக்கிறது! உயர்த்த உயர்த்தச் சீராகிறது என்பது இந்தக் கணக்குப் போட்ட பிறகுதான் மனதில் பதிந்தது.

ஆனால் சீரானாலும் கூச்சம் போகவில்லை. தாளுக்கு லக்ஸ் தெரியாது, கோணம்தான் தெரியும். விழுந்த கோணத்திலேயே திருப்பி அனுப்பும். விளக்கு தலைக்கு மேலே இருக்கும் வரை அது நேராக முகத்துக்குத்தான் வரும். ஆகவே இரண்டு பேனல்களை, பலகையின் நடுக்கோட்டிலிருந்து இடமும் வலமுமாக 60 சென்டிமீட்டர் தள்ளி, அதே 70 உயரத்தில் வைத்தேன். கணக்குப்படி நடுவில் 345, ஓரத்தில் 407. டியூப்பையும் சேர்த்தால் போதுமானது. எதிரொளி முகத்துக்கு வராமல் பக்கவாட்டில் விலகிப் போகிறது. மக்கு வேலையின் (தாளுக்கு அடியில் பசைக் கலவையால் எழுப்பும் புடைப்பின்) வளைவுகளில் மட்டும் ஊசிமுனைப் பொட்டுகள் மிஞ்சுகின்றன. அவை இருக்கட்டும், அவை இல்லாவிட்டால் புடைப்பே தெரியாது.

தாள் ஒட்டும்போது ஒரு பக்க விளக்கை அணைத்து, மற்றதைப் பலகைக்கு அருகே தாழ்த்திவிடுகிறேன். ஒளி தரையைத் தடவுவதுபோல் வருவதால் காற்றுக் குமிழும் சுருக்கமும் நிழலோடு எழுந்து நிற்கின்றன. இந்த ஒரு வசதிக்காகவே இந்த வேலையை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம்.

அடுத்தது சிவப்பு. பழைய பல்பின் கீழ் குங்குமச் சிவப்புப் பட்டு காவியாகத் தெரிந்தது. அதன் அட்டையில் நிறக் காட்டும் திறன் (சி.ஆர்.ஐ., நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற எண்) 80 என்று போட்டிருந்தார்கள். அந்த எண் எட்டு மென்மையான நிறங்களின் சராசரி. ஆழ்ந்த சிவப்பு அதில் சேர்த்தியே இல்லை. அதற்குத் தனியாக ஆர்9 என்ற எண் உண்டு, அதைத்தான் அட்டைகளில் அச்சிடவே மாட்டேன் என்கிறார்கள். நிறக் காட்டும் திறன் 90-க்கு மேல் உள்ள 4000 கெல்வின் (ஒளியின் நிறச் சாயலைச் சொல்லும் அளவு; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்) பேனல் போட்டதும் பட்டு பட்டாக நின்றது. சென்னை ரிச்சி தெருவில் 90-க்கு மேல் கேட்டால் முறைக்கிறார்கள். கேட்டுக்கொண்டே இருங்கள், உள்ளேயிருந்து எடுத்து வருவார்கள். விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவரையும் அங்கேயே சோதித்துவிடுங்கள்: கைப்பேசிப் படக்கருவியை விளக்கின் முன் நீட்டினால் கறுப்புப் பட்டைகள் ஓடக்கூடாது.

வலப்பக்கப் பேனலைத் தாங்கும் குழாய் இன்னும் தொங்குகிறது, நட்டு இறுக்க வேண்டும். அதற்குள் மனம் பூஜையறைக்குப் போய்விட்டது. முடித்த படத்துக்கு மேலே 3000 கெல்வினில் ஒரு சிறு பட்டை விளக்கு, 36 பாகைக் கற்றை. அதற்கான அலுமினியச் சட்டத்தை அளந்தும் வைத்துவிட்டேன். கிருஷ்ணருக்கு இன்னும் கண் திறக்கவில்லை.