நடைச் சோதனையில் வீணான மூன்று வாரம்

அம்மாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய். பீடி, சிகரெட் கிடையாது. விறகடுப்புப் புகைதான் காரணம். இன்ஹேலரோடு எட்டு வாரம் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியும் எழுதிக் கொடுத்தார்கள். பயிற்சி நல்லபடியாக முடிந்தது. ஆனால் தொடக்கத்தில் நடந்த ஒரு தவறால் மூன்று வாரம் வீணானதில் இன்னும் மனசு ஆறவில்லை.

ஸ்பைரோமெட்ரிக்கு (குழாயில் ஊதவைத்து நுரையீரலை அளக்கும் சோதனை) இன்ஹேலர் போடாமல் வரச் சொல்வார்கள். மருந்தில்லாமல் ஒருமுறை ஊதவைத்து, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் 400 மைக்ரோகிராம் கொடுத்து, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி ஊதவைப்பதால் அது தேவை. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்க்கும் நடைச் சோதனைக்கு நேர்மாறு: வழக்கமான மருந்தெல்லாம் போட்டிருக்க வேண்டும். கவுன்ட்டரில் இருந்தவர் இரண்டுக்கும் சேர்த்து "மருந்து போடாம வாங்க" என்று சொல்லிவிட்டார். நடைபாதைக்கு 30 மீட்டர் நீளம் வேண்டும், அங்கே பாதிதான். அடிக்கடி திரும்பினால் வேகம் குறையும். போதாததற்கு நான் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். பக்கத்தில் ஆள் நடந்தால் நோயாளி அந்த ஆளின் வேகத்துக்கு மாறிவிடுவார். அம்மா நடந்தது 216 மீட்டர்.

அந்த எண்ணை வைத்துத்தான் பயிற்சியின் வேகமே முடிவாகிறது. 216ஐ ஆறால் வகுத்தால் நிமிடத்துக்கு 36 மீட்டர். அதில் 80 சதவீதம் எடுத்தால், இருபது நிமிடத்தில் 576 மீட்டர். மூன்று வாரமும் அம்மா சொன்ன மூச்சிரைப்பு மதிப்பெண், பத்துக்கு இரண்டு. அது நான்கிலிருந்து ஆறுக்குள் இருந்தால்தான் கால் தசைக்குப் போதுமான வேலை. மூச்சு வாங்கவில்லையே என்று நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

புதிதாக வந்த பிசியோதெரபிஸ்ட்தான் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அன்னிக்கு இன்ஹேலர் எத்தனை மணிக்குப் போட்டீங்கம்மா?" மறுநாளே வேறு நீளமான நடைபாதையில் அரைமணி இடைவெளி விட்டு இரண்டு முறை நடக்கவைத்தார். முதல் நடை பழகவே போய்விடும் என்பதால் அதிக தூரத்தைத்தான் எடுப்பார்களாம். 270, 288. இருபது நிமிட இலக்கு 768 மீட்டர் ஆனது. ஒரே மூச்சில் முடியாத நாட்களில் இரண்டு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓய்வு.

விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜன் சதவீதம் பார்க்கும் ஆக்சிமீட்டர் இன்னொரு தொல்லை. ஏசி அறையில் விரல் சில்லிட்டு 84 காட்டியது, பதறிப்போனோம். கையைத் தேய்த்துச் சூடாக்கியதும் 93. அதில் காட்டும் நாடித் துடிப்பும் மணிக்கட்டில் எண்ணுவதும் ஒத்துப்போனால்தான் அந்த அளவை நம்பலாம். மருதாணி வைத்த விரலைத் தவிருங்கள். உண்மையிலேயே 88க்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும்.

தசைப் பயிற்சிக்குக் கருவி வாங்க வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ. கைக்கு ஒன்று பிடித்து, பத்துத் தடவை தூக்கி இறக்க வேண்டும், இரண்டு சுற்று. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் அப்படியே. எழும்போது உதட்டைக் குவித்து மூச்சை விட வேண்டும். அம்மா மூச்சை அடக்கிக்கொண்டே எழுந்ததால்தான் முதலில் தலை சுற்றியது.

எட்டாவது வாரம் 334 மீட்டர். 30 மீட்டர் கூடினாலே பலன் என்பார்கள், அம்மாவுக்கு 288ஐவிட 46.

நடைச் சோதனைத் தாளுக்கு நகல் கேட்டு வாங்குங்கள். நடைபாதை நீளம், இன்ஹேலர் போட்ட நேரம், இறங்கிய குறைந்தபட்ச ஆக்சிஜன் அளவு, மூச்சிரைப்பு மதிப்பெண் நான்கும் அதில் இருக்க வேண்டும். எங்கள் முதல் தாளில் தூரம் மட்டும்தான் இருந்தது.