118 ஆம் இடத்தின் ஒரு எழுத்தை யாழ்ப்பாணத்தில் வாசித்த முறை

ஹெரோயினுக்கு அடிமையானவர்களின் குருதியிலிருந்து ஓபிஆர்எம்1 என்ற பரம்பரையலகின் ஒரேயொரு எழுத்தை வாசிப்பதுதான் வேலை. ஆறாம் நிறமூர்த்தத்தில் இருக்கும் அது மியூ ஓபியோயிட் ஏற்பிக்கான அலகு. ஹெரோயின் உடலில் மாறி வரும் மோர்பீனும் உடல் தானே சுரக்கும் எண்டோர்பினும் வந்து பிணைவது அந்த ஏற்பியில்தான். அதன் 118 ஆம் இடத்தில் சிலருக்கு ஏ, சிலருக்கு ஜி. ஜி இருந்தால் புரதத்தின் 40 ஆவது அமினோ அமிலம் மாறி, சர்க்கரைச் சங்கிலி ஒட்டும் ஓரிடம் இல்லாமல் போகும்.

ஆட்களைச் சேர்க்கும்போதே கணக்குப் பிழைத்துவிடும். இங்கே ‘தூள்’ என்றால் ஹெரோயின், ‘ஐஸ்’ மெதாம்பெட்டமைன். ‘குளிசை’ போட்டேன் என்பவர் ட்ரமடோல் என்ற ஓபியோயிட் வலிமருந்தும் எடுத்திருக்கலாம், பிரிகபாலினும் எடுத்திருக்கலாம். ஐஸும் பிரிகபாலினும் மியூ ஏற்பியில் பிணைவதில்லை. எல்லோரையும் ‘போதைக்கு அடிமை’ என்று ஒரே கூட்டத்தில் போட்டால் இருக்கிற சிறு வேறுபாடும் மறைந்துவிடும். அதனால் எதை, எத்தனை மாதம், எப்படி எடுத்தார் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டு எழுதினோம். அண்ணனையும் தம்பியையும் இரண்டு மாதிரிகளாக எண்ணவில்லை.

நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும். சம்மதப் படிவம் வீட்டில் கதைக்கும் தமிழில் இருக்க வேண்டும். தூளை விட்ட முதல் வாரத்தில், மூக்கு ஒழுகி உடம்பு முறிய வலிக்கும்போது வாங்கும் கையெழுத்தைச் சம்மதமாக நாங்கள் எடுக்கவில்லை. ரியூப்பில் பெயர் எழுதாமல் இலக்கம் மட்டும் எழுதினோம். ஆளுக்கு ஆள் தெரிந்த ஊர் இது.

குருதி 3 மில்லிலீற்றர், உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ உள்ள ஊதா மூடி ரியூப்பில். ஹெபரின் ரியூப்பில் எடுத்தால் பிசிஆர், அதாவது டிஎன்ஏ துண்டைப் பெருக்கும் வேலை, தடைப்படும். உப்பு முறையில் டிஎன்ஏ பிரித்து, அதன் தூய்மையைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 1.8 ஐ ஒட்டி வருகிறதா என்று பார்க்க வேண்டும். 25 மைக்ரோலீற்றர் கலவைக்கு 50 நனோகிராம் டிஎன்ஏ போதும். பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டான ப்ரைமர் ஒட்டும் வெப்பநிலையை 58 பாகையில் தொடங்கி, 35 சுற்றுகள். 193 எழுத்திணை நீளமுள்ள துண்டு கிடைக்கும்.

அதிகம் பிழைப்பது இதற்குப் பிறகுதான். ஏயையும் ஜியையும் பிரித்தறிய, ஜி உள்ள துண்டை மட்டும் ஒரு நொதியத்தால் வெட்ட வேண்டும்; ஆனால் ஜி இருந்தாலும் அந்த நொதியம் வெட்டுவதற்கான இடம் இயல்பாக அங்கே இல்லை. அதனால் முன் ப்ரைமரின் கடைசி மூன்று எழுத்துகளை ஜிஜிசி என்பதற்குப் பதிலாக சிஜிசி என்று வேண்டுமென்றே மாற்றி ஓடர் செய்ய வேண்டும். அடுத்து ஜி வந்தால் சிஜிசிஜி என்ற இடம் உருவாகும். பிஎஸ்ரியூ1 நொதியம் அதை வெட்டி 169, 24 என்று பிரிக்கும். ஏ வந்தால் வெட்டாது. ப்ரைமரில் எழுத்துப் பிழை என்று நினைத்து யாராவது ‘திருத்தி’ அனுப்பினால் எல்லா மாதிரியும் ஏஏ என்றே, அதாவது தாய்வழி, தந்தைவழிப் பிரதி இரண்டிலும் ஏ என்றே வரும்.

நொதியம் செத்திருந்தாலும் அதே ஏஏதான். கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் வழியில் உருகியிருக்கலாம், இரவு கரண்ட் போய் உறைபெட்டி இளகியிருக்கலாம். துண்டுகளை நீளப்படி பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல் பார்க்க அழகாகவே இருக்கும், பதில் மட்டும் பொய். ஆகவே ஒவ்வொரு ஓட்டத்திலும் டிஎன்ஏ எழுத்துகளை நேரடியாக வாசித்து உறுதிசெய்த ஜிஜி மாதிரி ஒன்றை வைக்காமல் நாங்கள் வாசிப்பதில்லை. அந்த ஜிஜியில் 193 பட்டையின் நிழல் தெரிந்தால் வெட்டு முடியவில்லை என்று அர்த்தம். அந்த நாளின் ஏஜி எதையும் நம்ப முடியாது. வெட்டுவது 60 பாகையில், நாலு மணித்தியாலம். சாதாரண நீர்த்தொட்டியில் வைத்தால் நீர் ஆவியாகி மூடியில் ஒட்டும். மூடி சூடாகும் பிசிஆர் கருவிக்குள்ளேயே வைப்பது நல்லது. 3 வீத அகரோஸ் ஜெல்லை மெதுவாக ஓட்டினால்தான் 193 உம் 169 உம் பிரியும். 24 கண்ணுக்குத் தெரியாது.

கணக்கை ஹார்டி-வைன்பேர்க் சமநிலையுடன், அதாவது உறவு பார்க்காமல் மணம் செய்யும் கூட்டத்தில் வர வேண்டிய விகிதங்களுடன், ஒப்பிட்டோம். எல்லாப் பிரதிகளிலும் ஜி 40 வீதம் என்றால் நூறு பேரில் ஏஏ 36, ஏஜி 48, ஜிஜி 16 வர வேண்டும். ஏஏ மட்டும் ஏறினால் நொதியத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஏஏயும் ஜிஜியும் சேர்ந்து ஏறி ஏஜி குறைந்தால், மச்சான் மச்சாள் கல்யாணங்கள் காரணமாக இருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க, பல நாட்டு மக்களின் டிஎன்ஏயை வாசித்த ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தில் பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழரின் தரவு திறந்தே இருக்கிறது.

முடிவை வீட்டாரிடம் கொடுப்பதில்லை. “என்ர பிள்ளைக்கு ரத்தத்திலேயே இருக்கோ, டொக்டர்?” என்று தாய்மார் கேட்பார்கள். மேலே உள்ள கணக்கின்படி நூறில் 64 பேரிடம் ஜி உண்டு; அவர்களில் பெரும்பாலானோர் தூளைத் தொட்டதே இல்லை. 1998 இல் ஜி உள்ள ஏற்பியில் பீற்றா எண்டோர்பின் மூன்று மடங்கு இறுகப் பிணைவதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். பின்வந்த சோதனைகளில் சில அதை உறுதிசெய்யவில்லை. 2020 இல் அமெரிக்க முன்னாள் படையினரின் பெரிய தரவில் இந்த இடத்துக்கும் ஓபியோயிட் அடிமைநிலைக்கும் தொடர்பு தெரிந்தது, ஆனால் விளைவு மிகச் சிறியது. அதனால் தாய்க்கு நாங்கள் சொல்வது: “இல்லை அம்மா, இந்த ஒரு எழுத்தை வைச்சு உங்கட பிள்ளையைப் பற்றி ஒண்டும் சொல்லேலாது. அடுத்த கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”